கோர்ட்டுக்குப் போன கல்யாணச் சேலைகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கிலீஷ் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சலவைத் தொழில். பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பகுதியில், நாங்கள் துணி உலர்த்தும் மைதானத்துக்கு எதிரே இருந்த பள்ளியில் முனிசிபல் தேர்தல் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி. அந்த நிறங்களை ஓட்டுச்சாவடிக்கு அருகில் யாரும் காட்டக்கூடாது என்பது விதி. அன்று எங்கள் கொடியில் காய்ந்தவை ஒரு கல்யாண வீட்டுச் சேலைகள். அத்தனையும் மஞ்சள். மஞ்சள்பெட்டிக்காரருக்குப் பிரசாரம் நடக்கிறது என்று சிவப்புப்பெட்டிக்காரர் கத்தினார். போலீஸ்காரர் சேலைகளைக் கைது செய்தார். ஈரம் சொட்டச் சொட்ட அவை ஸ்டேஷனுக்குப் போயின; அப்பா மேல் வழக்கு.

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம். சேலை போவலேன்னா அந்தத் தெருவுல ஒருத்தரும் இனிமே நமக்குத் துணி போடமாட்டாங்க," என்றார் அப்பா.

மஞ்சள்பெட்டிக்காரர் அப்பாவுக்குத் தம் செலவில் வக்கீல் வைத்தார். வியாழக்கிழமை காலை விசாரணை. வக்கீல் இங்கிலீஷில் முழங்கினார்: இச்சேலைகள் ஒரு பிரஜையின் அபிப்பிராயம்; அதை வெளியிட அவருக்கு உரிமை உண்டு; மேல் கோர்ட்டுவரை போராடுவோம்! தேர்தல் ஒழுங்கு ஒரு பக்கம், பேச்சுரிமை மறுபக்கம் என்று மாஜிஸ்திரேட் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா என்னிடம் கிசுகிசுத்தார். "நமக்காவத்தானேம்மா பேசுறாரு?"

"இல்லப்பா. நீங்க வேணும்னேதான் மஞ்சளைக் காட்டினீங்க, அது உங்க உரிமைங்கறாரு. மேல் கோர்ட்டு முடிவு சொல்றவரைக்கும் சேலை இங்கதான் இருக்கும்."

"ஐயையோ! அதுக்குள்ள அந்தப் பொண்ணு பாட்டி ஆயிடுமே!"

அப்பா எழுந்து கும்பிட்டார். "சாமி, அது ஒண்ணும் பேசலீங்க. காஞ்சிட்டிருந்துச்சு."

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைப்பதற்குள் நானே அதை இங்கிலீஷில் சொன்னேன். மாஜிஸ்திரேட் முகத்தில் அப்போதுதான் நிம்மதி தெரிந்தது. பேச்சே இல்லை என்றால் எதை எதோடு எடைபோடுவது? குற்றமில்லை, சேலைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தம் கட்சிக்காரர் விடுதலையானதற்காக ஒரு வக்கீல் அவ்வளவு துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷன் தூசியும் அரக்கு முத்திரையும் ஒட்டிய சேலைகளை மத்தியானமே மறுபடி அலசி, அதே கொடியில் போட்டோம். அதே போலீஸ்காரர் வந்து நின்றார்.

"இன்னாப்பா, இன்னிக்கு உன் சேலை இன்னா சொல்லுது?"

"நாளைக்குக் கல்யாணம், வெயிலை மறைக்காதேன்னு சொல்லுதுங்க," என்றார் அப்பா.

அவர் தள்ளி நின்றார்.