பல்ப்பர் கொட்டகையின் பச்சை விளக்கு

பெரியவளே, சின்னவனே, போன வாரம் வீட்டில் நெட் நின்றுபோனது ஞாபகம் இருக்கும். சின்னவன் அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான், பத்து எண்ணினான், திரும்பச் சொருகினான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "இவ்ளோதாம்ப்பா" என்றான். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. அந்தப் பெட்டியிலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாசனை லேசாக வந்தது. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என்னால் அந்த அறையில் உட்கார முடியாது. ஏன் என்று வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்து மலையில் இருந்தபோது நாங்கள் பயந்தது குளிருக்கு அல்ல, ஈரத்துக்குத்தான். ஆடி பிறந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோல் செருப்பு நான்கு நாளில் வெள்ளைப் பூசணம் பூக்கும். அதற்கு எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ராவும் பகலும் எரியவிடுவோம். உங்கள் அம்மா கீழே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வந்த புதிதில், "பட்டப்பகல்ல பொட்டிக்குள்ள எதுக்குங்க லைட்டு? துணிக்குப் பயமா?" என்று கேட்டுச் சிரித்தாள். முதல் மழைக்காலம் முடிந்து கல்யாணச் சேலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தவள், மறுநாளே ஒண்டிக்கடைச் சந்திப்புக்குப் போய்ப் பல்பு வாங்கி வரச் சொன்னாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழம் எடை போடும் இடத்தில் எடுபிடியாக இருந்தேன். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் துரை, அதாவது மேனேஜர், என்னைச் சேலத்துக்குப் பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதுதான் காரணம். கம்ப்யூட்டருக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

துரை ஆபீசில் ரவுட்டர் என்று ஒரு பெட்டி. பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் ஒரு மர அலமாரிக்குள் சுவிட்ச் என்று இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே எண்பது மீட்டர் கேபிள், சில்வர் ஓக் மரங்களில் கட்டி, காப்பிச் செடிகளுக்கு மேலே போனது. கொட்டகையில் போடும் எடையைத் துரை தன் மேசையிலிருந்தே பார்க்கலாம். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கண்டுகொண்டால் சுவிட்சில் ஒரு சிறு பச்சை விளக்கு எரியும். கடுகளவு விளக்குதான். அதை நம்பித்தான் நம் குடும்பம் இருந்தது.

சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வேலையோடு ஒரு வீடு வந்தது. அதற்கு முன் தொழிலாளர் லைன் வீட்டின் ஒற்றை அறையில் உங்கள் தாத்தா பாட்டி ஒரு பக்கம், நடுவே சேலைத் திரை, நாங்கள் மறுபக்கம். இருமல்கூட அளந்துதான் இரும வேண்டும். புது வீட்டில் இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு. பெரியவளே, நீ அப்போது ஏழு மாதம், வயிற்றில்.

அந்த ஆடியில் ஒரு வியாழக்கிழமை காலை பச்சை விளக்கு அணைந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் முதலாளி சென்னையிலிருந்து வருகிறார், கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கத்தான் வருகிறார். துரை சத்தம் போடவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சேலம் கம்பெனியிலிருந்து ஓர் ஆளையே இங்கு வைத்துவிடுவார்கள் என்றார். பிறகு, "வர்றவனுக்கு ஊடு வேணும்ல" என்றார். அவ்வளவுதான்.

கேபிளின் முனையில் மாட்டும் கண்ணாடி போன்ற பிளக் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். முனையை ஓர் அங்குலம் நறுக்கி, உள்ளே இருக்கும் எட்டு மெல்லிய கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கிப் புதுப் பிளக் போட்டேன். அந்த வரிசையை வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவேன். எரியவில்லை. மறுபடி நறுக்கினேன். மறுபடி. ஐந்து பிளக் வீணாகி ஒன்றே ஒன்று மிஞ்சியது. பிறகுதான் புத்தி வந்து, கேபிளை அலமாரியிலேயே விட்டுவிட்டு சுவிட்சை மட்டும் கழற்றி ஆபீசுக்குத் தூக்கிப்போய், ரவுட்டர் பக்கத்தில் வைத்து, ஒரு முழ வயரில் இணைத்தேன். உடனே பச்சை. அப்படியென்றால் பெட்டிகள் இரண்டும் நல்ல பெட்டிகள். கோளாறு கேபிளில்.

துரை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கேபிளுக்கு என்ன வந்துச்சு?" என்றார். போன வாரம்தான் அந்த மரங்களில் நிழல் கழிக்கக் கிளை வெட்டியிருந்தார்கள். "கவாத்துல வெட்டுப்பட்டிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. வீடு கண் முன்னால் நின்றது, வார்த்தை வந்துவிட்டது.

கவாத்து செய்தவர் தலைச்சோலை ஊர்க்காரர் வேலண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மரத்தில் ஏறினால் கிளைக்கு வலிக்காமல் வெட்டுவார் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். வெள்ளிக்கிழமை காலை அவராகவே வந்து கொட்டகை வாசலில் நின்றார். "ஏனுங்க பச்ச லைட்டு" என்றார். எஸ்டேட்டில் எனக்கு அதுதான் பேர். "நான் வெட்டிட்டனாமா? வெட்டுன கைக்குத் தெரியாதுங்களா? வாங்க, தடவிப் பாத்துருவோம்."

தூறலில் அவர் மரம் மரமாக ஏறினார். மிளகுக் கொடியை விலக்கி, கேபிளை ஈர உள்ளங்கைக்குள் விட்டு, சாண் சாணாக உருவிக்கொண்டே போனார். நான் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். ஒரு காயம் இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே நடந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று பாதிதான் முடிந்தது. வீட்டுக்குப் போனால் உங்கள் அம்மா தொட்டில் கட்ட உத்தரத்தில் எங்கே கொக்கி அடிக்கலாம் என்று கேட்டாள். பசியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைசி மரம். கேபிள் முழுக்கக் கீறலே இல்லை. வேலண்ணன் இறங்கி, கேபிள் சுவரோட்டை வழியாக நுழையும் இடத்தைப் பார்த்தார். "உள்ள எங்கீங்க போவுது?" என்றார். அலமாரிக்கு என்றேன். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

மழை வலுத்த அன்று, சுவிட்சுக்கு ஈரம் ஏறக்கூடாது என்று நான்தான் உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பை எடுத்துவிட்டு நூறு வாட்ஸ் பல்பு போட்டிருந்தேன். மிச்சக் கேபிளை அழகாகச் சுருட்டி, மேலே ஓர் ஆணியில் மாட்டியிருந்தேன். சுருள் சரிந்து பல்பின் முதுகில் சாய்ந்திருந்தது. அந்த இடத்தில் தோல் உருகி, எட்டுக் கம்பியும் ஒட்டிக் கிடந்தன. நான் வியாழக்கிழமை முழுக்க முனையை மட்டுமே நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு முழம் தள்ளி இருந்த சுருளை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வேலண்ணன் சிரித்துவிட்டார். "பெத்த புள்ளைக்கு அனல் காட்டுனாப்புல நொம்பப் பாசமாக் காட்டிருக்கீங்க" என்றார்.

உருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கடைசிப் பிளக்கைப் போட்டேன். வரிசை இரண்டு முறை கலைந்தது. "மெதுவாச் செய்யுங்க, சாமி" என்று அவர் பேட்டரி லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுத்தினேன். சொருகினேன். பச்சை.

அந்த நேரம் பார்த்து ஜீப் சத்தம் கேட்டது. முதலாளியும் துரையும் உள்ளே வந்தார்கள். வேலண்ணன் ஒதுங்கி, வெளியே காப்பி காயவைக்கும் களத்தில் போய் நின்றார். முதலாளி விளக்கைப் பார்த்தார், என்ன கோளாறு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துரை, "கவாத்துல வெட்டிட்டானுங்க. அப்படித்தானப்பா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க" என்றேன்.

வாசலுக்கும் களத்துக்கும் ஆறடி இருக்கும். கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர்கள் போனபின் வெளியே வந்தேன். வேலண்ணன் கொடுவாளை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தார்.

"லைட்டு எரியுதுங்களா?"

"எரியுதுங்கண்ணா."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அவர் பேரைக் கூப்பிடவில்லை. அடுத்த திங்களும் இல்லை. குடகுப் பக்கம் கவாத்து வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். பல வருஷம் கழித்துத் தலைச்சோலைக்கு ஒருமுறை போனேன். அவர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

பெரியவளே, நீ அந்த இரண்டு அறை வீட்டில்தான் பிறந்தாய். அந்த வீடு இப்போது இல்லை. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். பல்ப்பர் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ், சில்வர் ஓக் நின்ற சரிவில் கார்கள் நிற்கின்றன. இப்போது கேபிளே வேண்டாம், எல்லாம் காற்றில் போகிறது. வேலண்ணன் எங்கே என்று கேட்க அந்தப் பக்கம் ஆளும் இல்லை.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை, ஜீப் போய், வேலண்ணனும் போனபிறகு, கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். உருகிப்போன கேபிள் துண்டு தரையில் கிடந்தது. அதைப் பொறுக்கி வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒரு காப்பிச் செடியின் அடியில் கையாலேயே குழி பறித்து, உள்ளே வைத்து மூடி, மண்ணைக் காலால் அழுத்தி, மேலே சருகைப் பரப்பினேன்.