தையல் டீச்சரின் சட்டை

தர்மபுரத்தில் படிப்பித்த காலத்தில் ஆசிரியர் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு தையல் டீச்சர். கொழுத்துவிடுவேன் என்ற பயத்தில் வருசக்கணக்காகப் பட்டினி கிடந்து, ஆஸ்பத்திரி வரை போய், மறுபடி சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தா.

சோறு உள்ளே போனதும் அவாவுக்கு வியர்த்துக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பசிக்கும். முகமும் வயிறும்தான் முதலில் ஊதின. கைகள் குச்சியாகவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலைச் சட்டையின் பக்கத் தையலை பிளேட்டால் பிரித்து, கொஞ்சம் வெளியே தள்ளித் தைப்பா.

"புதுசாத் தைக்கலாமே, டீச்சர்?" என்றேன்.

"தைச்சால் இதுதான் என்ர உடம்பெண்டு ஒத்துக்கொள்ள வேணும். நாளைக்கும் சோறு குடுப்பன் எண்டு அது இன்னும் என்னை நம்பேல்லையாம். அதுதான் சேர்த்து வைக்குதெண்டு டொக்டர் சொன்னவர்."

வழியில் கண்டவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள்: "டீச்சர், இப்ப நல்லாய்க் கொழுத்திட்டியள்!" சிரித்துவிட்டு வருவா. அன்றைக்குக் கோப்பையில் பாதிச் சோறு மிஞ்சும். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் சாப்பிடுவா.

இடமாற்றம் கிடைத்து அவா போனபோது ஒரு சட்டை கொடியிலேயே தங்கிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் வரிவரியாக வெளியே நகர்ந்திருந்தன. கடைசித் தையல் மட்டும், புது நூலில், பட்டினிக் காலத்து முதல் வரிக்கும் உள்ளே இருந்தது. பஸ் ஏறிப்போன அந்த உடம்பு அதற்குள் நுழையவே நுழையாது.

மறந்தாவோ, வேண்டுமென்றே விட்டாவோ, தெரியாது. சட்டை என் அலுமாரியில்தான் கிடக்கிறது. கேட்டு வந்தாலும் குடுக்கமாட்டேன்.