கொழுக்கட்டை என்று நினைத்தோம்

மாலை போட்ட நண்பனோடு புது ஓட்டலுக்குப் போயிருக்கிறீர்களா? நான் போனேன். ஜங்ஷன் பக்கம் அப்போதுதான் திறந்திருந்த நேபாளி, வட இந்திய ஓட்டல். திருச்செந்தூர் முருகனுக்கு விரதமிருந்த சுப்பையாவையும் இழுத்துப் போனேன். பக்கத்து மேஜையில் ஆவி பறக்கும் வெள்ளைக் கொழுக்கட்டை. "அதுல ரெண்டு தட்டு" என்றேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முதலில் நான்தான் கடித்தேன். உள்ளே தேங்காய்ப் பூரணம் இல்லை, கொத்துக்கறி! சுப்பையா ஒன்றை ஊதி வாயருகே கொண்டுபோயிருந்தான். கையில் ஓங்கி அடித்தேன். அது தரையில் உருண்டது.

"ஏலே, ரெண்டு தட்டும் உனக்கே வேணும்னா சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"உள்ள கறி இருக்குலே!"

அவன் கை மாலையைப் பிடித்துக்கொண்டது. "முருகா, தப்பிச்சேன்" என்றான்.

உள்ளே என்ன என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் எதையும் ஆர்டர் செய்வதில்லை. சுப்பையா இந்த நிமிடம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.