தேர்வுக்குப் போன வழியில்

என் மகள் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போன காலையில், என் பைக் நடுவழியில் நின்றுவிட்டது. என் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வண்டி அது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு அடிக்கடி மக்கர் செய்தது. பெட்ரோல் டியூப் ஊறி வெடித்தது, மாற்றினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். அதற்கு மேல் என்ன செய்வது?

தொண்டூரில் எனக்கு இருப்பது கரும்பு நிலம். கரும்பிலிருந்து எடுக்கும் சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கப்போகிறார்கள் என்று டிவியில் சொன்னபோது, "நம்ம கரும்புல வண்டி ஓடப்போவுது" என்று வீட்டில் பீற்றிக்கொண்டவன் நான்.

தேர்வுக்கு முதல்நாள் நல்ல மழை. காலையில் மகள் பின்னால் உட்கார, வண்டி ஒரே உதையில் கிளம்பியது. செஞ்சிக்கு முன்னால், கோட்டை மலை தெரியும் இடத்தில், திக்கித் திக்கி நின்றது. பிளக்கைத் துடைத்தேன். கால் வலிக்க உதைத்தேன்.

"இன்னா நைனா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, கெளம்பிடும்."

"நேரமாவுது. கேட்டை மூடிட்டா உள்ள வுடமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸைக் காணோம். பைக்கில் வந்த பால்காரர் ஒருவர் கேன்களுக்கு நடுவே இடம் ஒதுக்கி அவளை ஏற்றிக்கொண்டு போனார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தின் கேட் மூடிக் கிடந்தது. தாமதமாக வந்த சிலர் காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கெஞ்சவில்லை. ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி நின்னுடுச்சும்மா, கொஞ்சம் உள்ள வுடுங்க" என்று நான்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஆளுக்கொரு காரணம் சொல்றீங்க. மூடினா மூடினதுதான்" என்றார் அவர்.

"வா நைனா, போலாம்" என்றாள் மகள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அவளை பஸ் ஏற்றிவிட்டு, வண்டியை மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டேங்கில் இருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்தார். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது.

"மழைத்தண்ணி எறங்கியிருக்குது. எத்தனால் அந்தத் தண்ணியோட சேந்துகினு அடியில போய் உக்காந்துடுது. அதான் இஞ்சினுக்குப் போவுது. எப்படி ஓடும்?"

அவர் டேங்கைக் கழுவிக் கொடுத்ததும், அந்த பாட்டிலோடு வண்டியைப் பெட்ரோல் பங்க்குக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மேனேஜர் அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க டேங்க்ல தண்ணி பூந்ததுக்கு நாங்க இன்னா பண்றது?"

"கலக்காத பெட்ரோல் எங்க கெடைக்கும்?"

"இங்க எங்கயும் கெடைக்காது. இது பழைய வண்டி சார். புதுசா ஒண்ணு வாங்குங்க."

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அதே பெட்ரோலைப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

மகள் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. செருப்பு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்பெனி வேன் மெயின் ரோட்டில் நின்று ஏற்றிக்கொள்கிறது. அதுவரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"வேணாம் நைனா. நடந்து போனா கரெக்டா போயிடுவேன்" என்றாள்.