குரங்கணிக்கு ஏறிய ஆகாயத்தாமரை

போடிக்கு ரயில் திரும்பி வந்ததே, அதற்கு மறுவருஷத்துக் கோடை. ஏலச்செடிகள் கருகிக்கொண்டிருந்தன. குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் என் தங்கை விருமாயி போன் போட்டாள்.

“அண்ணே, குளத்துல தண்ணி கெடக்கு, மோட்டார் இழுக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

காலை ஏழு மணிக்குப் போடியில் ஜீப் ஏறினேன். பதினாறு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். ஊர் எல்லைக் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை. ஆகாயத்தாமரை மூடி, ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. சின்ன வயதில் வந்த பஞ்சத்தில் அங்கேதான் அல்லிக்கிழங்கு தோண்டி அவித்துத் தின்றோம். அல்லி சேற்றில் வேர்விடுவது. இது வேரைத் தொங்கவிட்டு மிதப்பது. மேலே மூடிக்கொண்டால் அடியில் இருப்பதற்கு வெயில் ஏது? எங்கள் வயலுக்குப் பாயும் கண்மாய் ஆற்றுப்போக்கில் இதற்கு மேலே இருக்கிறது. அதில் இன்றைக்கும் அல்லிதான்.

மலையடிவாரத்து முந்தல் வரை ஆற்றோரம் கோரையும் சம்பும் நின்றன. அதற்கு மேலே ஆறு பாறையில் விழுந்து ஓடுகிறது. பாறையைப் பிடித்த பாசி தவிர எதுவும் அங்கே நிலைக்காது. ஓரத்து ஈரத்தில் மட்டும் வல்லாரை.

எட்டரை மணிக்குத் தோட்டம். குழி வெட்டிப் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கிய விருமாயியின் குளத்தைப் பார்த்ததும் காலையில் பார்த்த கண்மாய்தான் ஞாபகம் வந்தது.

“ஏத்தா, இது எப்படி மலை ஏறுச்சு?”

“நாந்தேன் வாளியில கொண்டாந்தேன். பூவு அழகா இருந்துச்சுண்ணே.”

“பூவப் பாத்துக்கிட்டே இரு. ஏலக்காய் பறிக்கிற சோலி மிச்சம்.”

மோட்டார்க் குழாயின் வாயில் வேர் சடைசடையாக அடைத்திருந்தது. முன்பு இந்த மலையில் நிற்கிற தண்ணீரே கிடையாது, மிதக்கிற செடிக்கும் இடமில்லை. இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் குளம்.

ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு டிரைவரும் இறங்கினார். மூன்று பேருமாக மதியம் வரை வாரிப் போட்டோம். மோட்டார் இழுத்தது. விருமாயி குவியலை ஓடைப் பக்கம் தள்ளப் போனாள்.

“மழ பேஞ்சா ஓடை கொண்டுட்டுப் போயிரும்ணே.”

“எங்க கொண்டுட்டுப் போகும்? ஆத்துக்கு. ஆறு என் கண்மாய்க்கு. அண்ணனுக்கு நல்ல சீர்தான் அனுப்புற!”

டிரைவர் சிரித்துவிட்டார். குவியலை மேட்டுப்பாறைக்குச் சுமந்து வெயிலில் பரப்பினோம். கைகழுவும்போது கேட்டேன்: “வேற யாருக்கும் குடுத்தியா?”

விருமாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“கேட்டாக, குடுத்தேன். இன்னும் மேல, முட்டம் பக்கம் நாலு தோட்டத்துக்கு.”

“அக்கா, அங்கிட்டு ஜீப்பு போகாதே,” என்றார் டிரைவர்.

நடந்து ஏற என் முழங்காலும் விடவில்லை. விருமாயி தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். ஆனால் போன இடத்தில் கொடுத்த செடிக்குப் பதிலாக இன்னொரு செடி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

கீழே இறங்கும்போது வானம் மேற்கே கருத்திருந்தது. கோடைமழை ஒரு நாள் வலுத்தால் போதும், நாலு குளமும் வழியும். முட்டம் பக்கம் போகிறவர்கள் யாராவது அங்கே சொல்லிவிடுங்கள்: குளத்திலிருக்கும் ஊதாப்பூச் செடியை வாரிப் பாறையில் காயப்போடச் சொல்லுங்கள், ஓடையில் தள்ள வேண்டாம். விருமாயியின் அண்ணன் சொன்னதாகவே சொல்லுங்கள். மழைக்கு முன்னால்.