மணலி ரோட்டில் ஒரு போர்டு மீட்டிங்

1. பதவி வந்த விதம்

நான் டைரக்டர் ஆனது ஒரு மதிய நேரம், ஆபீஸ் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது.

திருவொற்றியூரில் எங்களுடையது கண்டெய்னர் ரிப்பேர் ஒர்க்‌ஷாப். அடிபட்ட பெட்டிகளைத் தட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து மறுபடி கப்பலுக்கு அனுப்புவோம். முதலாளிக் கம்பெனி ஐரோப்பாவில். டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்த நான் அப்போது அட்மின் மேனேஜர். இங்கே பதிவு செய்த இந்தியக் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்களாவது வேண்டும், அதில் ஒருவராவது இந்தியாவில் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிக் குடியிருந்தவர் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டார். நான் பிறந்ததிலிருந்து ராயபுரத்தில் குடியிருக்கிறேன். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

"வெறும் கையெழுத்துதாம்மா," என்றார் ராகவன் சார். பாரிமுனையில் ஆபீஸ் வைத்து எங்கள் கம்பெனியின் செக்ரட்டரி வேலையை, அதாவது சட்டப் பேப்பர்களை, பார்த்துக் கொடுத்தவர்.

விஷயம் பட்டறைக்குள் போனது. ஃபோர்மேன் யூசுப் பாய் கிளவுஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"இன்னா செலினம்மா, டைரக்டர் ஆயிட்டியாமே. சம்பளம் ஏறிச்சா?"

"இல்ல பாய்."

"காரு?"

"ஷேர் ஆட்டோதான்."

"அப்பால இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"



2. விரிவான விவாதம்

போர்டு மீட்டிங் வீடியோவில் நடக்கும். இன்னொரு டைரக்டர் ஹென்ரிக், சிங்கப்பூரில் இருந்தார். அவர் வாசிப்பார், நான் "எஸ்" சொல்வேன், அவர் நன்றி சொல்வார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ராகவன் சார் அனுப்பும் மினிட்ஸில் "விரிவான விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

"எப்ப சார் விவாதிச்சோம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது வழக்கமா போடற வரிம்மா. இல்லன்னா பேப்பர் மொட்டையா இருக்கும்."

இதற்கிடையில் தலைமை அலுவலகம் உலகத்திலுள்ள எல்லா டைரக்டர்களுக்கும் ஆன்லைன் பயிற்சி வைத்தது. "டைரக்டர் ரப்பர் ஸ்டாம்ப் அல்ல, புரியாததைக் கேட்பது அவர் கடமை" என்று திரையில் ஒரு கார்ட்டூன் பொம்மை வந்து சொன்னது. கடைசியில் தேர்வு. முழு மதிப்பெண் வாங்கினேன், சர்டிபிகேட்டும் வந்தது. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பட்டறையில் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

அடுத்த மீட்டிங்கின் அஜெண்டாவில் "ஃபுட்பிரின்ட் ஆப்டிமைசேஷன்" என்று ஒரு தலைப்பு. பொம்மை சொன்னதே என்று உட்கார்ந்து படித்தேன். நான்காவது பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. திருவொற்றியூர் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு மாதவரத்தில் ஒரு கான்ட்ராக்டர் யார்டுக்கு வேலையைக் கொடுப்பதாம். யூசுப் பாயும் அவர் ஆட்களும் வீட்டுக்கு. அதற்கு என் கையெழுத்து.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது, ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் பாக்கி. ராகவன் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், அன்னிக்கு எனக்கு ஜுரம்னா?"

"மீட்டிங்கே நடக்காதும்மா. ரெண்டு பேரும் இருந்தாத்தான் கோரம், அப்பத்தான் மீட்டிங் செல்லும்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா கேக்கறீங்க?" என்றார்.

"மீட்டிங் இல்லாம, தீர்மானத்தைச் சர்க்குலர்ல அனுப்பி சம்மதம் வாங்கினா?"

"அதுக்கும் உங்க கையெழுத்து வேணும்."

"என்னை மாத்திட்டா?"

"மாத்தலாம். ஆனா புது ஆள் தேடி, பேப்பர் போட்டு முடிக்கறதுக்குள்ள குவார்ட்டர் முடிஞ்சுடும்." அவர்களுக்கு இந்த மூன்று மாதக் குவார்ட்டருக்குள் மூடியாக வேண்டும் என்பது அந்த நான்காவது பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு ஜுரம் வரவில்லை. மீட்டிங்குக்குப் போய் ஒழுங்காக உட்கார்ந்தேன். ஹென்ரிக் வாசித்து முடித்ததும், "புரியவில்லை, பெட்டிகள் மாதவரம் போய்வரும் செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். திரையில் ஹென்ரிக் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, முடிவை அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவிட்டு, அதற்கு நேரில் வருவதாகச் சொன்னார்.

3. காருக்குள்

மீட்டிங்கை மாதவரம் யார்டிலேயே வைத்தார்கள். ஹென்ரிக் விமானத்தில் வந்து முதலில் பட்டறையைப் பார்த்தார், யூசுப் பாயோடு கைகுலுக்கினார். பிறகு நானும் ஹென்ரிக்கும் காரில் கிளம்பினோம். போகும் வழியை டிரைவரிடம் நான் சொல்லவில்லை என்றால் அது பொய். பெட்டி ஏற்றிய டிரெய்லர்கள் போகிற மணலி ரோட்டில், அவை போகிற நேரத்தில் போகச் சொன்னேன்.

முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் தண்ணி லாரி. கார் நின்றது நின்றபடி. மீட்டிங் நேரம் வந்துவிட்டது. யார்டில் காத்திருந்த ராகவன் சார் பதறினார்.

"நோட்டீஸ்ல டைம் போட்டிருக்கும்மா. வீடியோலயாவது வாங்க."

ஹென்ரிக் போனை முன் சீட்டில் சாய்த்து வைத்தார். மீட்டிங் தொடங்கியதாக ராகவன் சார் அறிவித்தார். ஹென்ரிக் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இந்த வழியை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இருபது கம்பெனிகளுக்கு மேல் டைரக்டர். நீங்கள் கேட்டீர்களே, அந்தப் பக்கத்தை நானும் அன்றுதான் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. எனக்கு மேலே அவர், அவருக்கு மேலே இன்னொருவர், எல்லோரும் மேலேயிருந்து வந்ததில் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். தாளை நடுவில் வைத்து முதல் வரியிலிருந்து சேர்ந்து படித்தோம். மாதவரத்துக்கு அரை மணி நேரம் என்று எழுதியிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். பெட்டிக்கு ஒரு டிரெய்லர் வாடகை, காத்திருக்கும் கூலி, மழைக்காலம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். இடையில் ஒரு தடவை சண்டையும் போட்டோம். மூடும் தீர்மானம் தள்ளி வைக்கப்பட்டது. புதுக் கணக்கில் மூடினால் செலவுதான் கூடும் என்று தெரிந்தபிறகு மேலே யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மினிட்ஸிலும் "விரிவான விவாதத்துக்குப் பிறகு" என்றுதான் ராகவன் சார் எழுதினார். அந்த ஒரு தடவை அது உண்மை.

4. பாதிப் பதவி

ஐரோப்பாக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. இனி என் ஒருத்தியை நம்பிக் கோரம் தொங்கக்கூடாது என்று ஒரு வக்கீலை மூன்றாவது டைரக்டராகப் போட்டார்கள். அதற்கும் என் கையெழுத்து வேண்டியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

யூசுப் பாய் வாசலில் நின்றிருந்தார். "இன்னாம்மா, பதவி பூட்ச்சா?"

"பாதி பூட்ச்சு பாய்."

"பட்டறை?"

"அது கீது."

"அப்பால இன்னா, வா, டீ சாப்ட்டு வரலாம்." காசை அவரே கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நான் போன வருஷம் ரிட்டயர் ஆனேன். பெரிய கம்பெனிகளில் இப்போது சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சும்மா பெயருக்கு உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினால், உட்காருவதற்கு முன்பே அதற்கு என்ன அதிகாரம் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உட்கார வைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரியாது.