சிரிக்கிற முகமூடி

சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்கில் கிறிஸ்துமஸ் தாத்தா யார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். டிசம்பர் பிறந்தால் சிவப்பு அங்கி, வயிற்றுக்குத் தலையணை, பஞ்சுத் தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடி எல்லாம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்துதான் இறங்கும். கேரல் பாட்டுக்குழு வீடு வீடாகப் போகும்போது முன்னால் ஆடிக்கொண்டு போகிறவர் என் அப்பா. டிரம் சத்தம் கேட்டால் போதும், மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. கடைசி வீடு எங்களுடையது. அங்கே என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார். அந்த ஒரு சுற்றுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

எனக்கு எட்டு வயதான அந்த வருஷம், அப்பாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர் சிரிப்பதே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டினாலும் கண்ணைக்கூட அதிகம் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சும் உள்ளே போய்விட்டது. எதையும் இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டும். வாழ்த்து அட்டைகளில் அவருடைய எழுத்து எறும்பாகச் சிறுத்துக்கொண்டே போனது. அம்மா மாடியில் துணி காயப்போட்ட நேரத்தில் கேக் தீய்ந்து வீடே நாறியது; பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்கு வாசனை தெரியவில்லை. அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நானோ கணக்குப் பரீட்சை மார்க்கை நினைத்துத் தலையணையை நனைத்துக்கொண்டிருந்தேன்.

கேரல் அன்று அப்பா ஆடவில்லை. குனிந்து, சின்னச் சின்ன அடியாக, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தார். ஒரு கை வீசாமல் தொங்கியது, அதன் விரல்கள் நடுங்கின. ஜனங்களுக்கு ஒரே குஷி. இத்தனை வருஷம் வாலிபனாகக் குதித்தவர் இப்போதுதான் நிஜத் தாத்தாவாக வந்திருக்கிறார் என்று சிரித்தார்கள். நொச்சிக்குப்பத்தில் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

"உங்க நைனா இன்னாமா ஆக்ட் குடுக்கிறாரு பாப்பா! கைகூட தாத்தாவாட்டமே ஆடிக்கினு கீது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பா அல்லவா!

கடைசியில் எங்கள் வீடு. வாசற்படிக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். காலை யாரோ பசை போட்டு ஒட்டியது போல இருந்தது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. இதுவும் நடிப்பென்று எல்லோரும் கைதட்டினார்கள், அம்மாவைத் தவிர. நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து, ஸ்கூல் டிரில் போல லெஃப்ட், ரைட் என்று கத்தினேன். கால் எழும்பியது, உள்ளே வந்தார். என்னைத் தூக்கிச் சுற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக என்னை மடிமேல் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு முகமூடியைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன்.

"கழட்டாதப்பா. இதுலதான் நீ சிரிக்கிற. வீட்லயும் இதையே போட்டுக்கோ."

அம்மா விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா என் தலையைத் தடவினார்.

பொங்கல் முடிந்து டாக்டரிடம் போனபோதுதான் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்தது. உடம்பு நினைத்தபடி அசைய மூளையில் டோபமைன் சுரக்க வேண்டுமாம். அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தன. ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாலா, தவக்காலத்தில் பட்டினி கிடந்ததாலா, ஊர்க் கண்ணா என்று பல வருஷம் காரணம் தேடி அலைந்தாள், பாவம். அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும் என்பது எனக்குப் புரிய, நான் நன்றாக வளர வேண்டியிருந்தது.

கேரலுக்கு மறுநாள் காலை கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். லுங்கி, பனியன், அதற்குமேல் பஞ்சுத் தாடி முகமூடி. முன்னால் காபி ஆறிக்கொண்டிருக்க, அப்பா எனக்காக உட்கார்ந்திருந்தார். கோபம் போய்விட்டது என்று துள்ளிக் குதித்தேன். கோபமே இருந்ததில்லை. நான் கூத்தடித்த ஒவ்வொரு நாளும் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு முகம்வரை வந்து சேரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது.